டிரையார்த்ரஸ் ஈட்டோனி: ஒரு டிரைலோபைட்டின் உடலமைப்பு

(மூன்றாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

முன்னுரை

எங்கள் துறையின் காட்சிக்கூடத்தில், கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில், உள்ளங்கையளவு பிளாஸ்டர் வார்ப்பு ஒன்று இருக்கிறது. 'டிரைலோபைட் - அழிந்துபோன கணுக்காலி' என்று எழுதிய அட்டை அதனருகே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். செய்முறைத் தேர்வில் இனங்காணும் பொருளாக அது வரக்கூடும் என்பதால், நாங்கள் எல்லோருமே அதன் முதுகைப் பதிவேட்டில் வரைந்து, நிழலிட்டு, பாகங்களைக் குறித்து வைத்திருக்கிறோம்.

சென்ற பருவத்தில் ஒரு நாள் அந்த அலமாரியைத் துடைக்கும் பணி எனக்கு வந்தது. வார்ப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வெறும் வெள்ளைச் சுண்ணம். வாய் இல்லை, கால் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. கணுக்காலி என்று அட்டை கூறுகிறது. ஆனால் கணுவும் இல்லை, காலும் இல்லை!

"ஐயா, இதற்குக் கால்கள் எங்கே?" என்று விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நூறாண்டுக்கு மேல் உலகத்து அறிஞர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. போய்ப் படித்து எழுதிக்கொண்டு வா; ஆண்டு மலரில் போடலாம்" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை. டிரைலோபைட்டின் அடிப்பக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டிய டிரையார்த்ரஸ் ஈட்டோனி என்னும் ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொண்டு, அதன் உடலமைப்பை இங்கு விளக்க முயல்கிறேன்.

பெயரும் காலமும்

'டிரைலோபைட்' என்னும் பெயரை 1771ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் யோஹான் எர்ன்ஸ்ட் இம்மானுவேல் வால்க் வழங்கினார். மூன்று மடல்களை உடையது என்பது இதன் பொருள். இங்கே ஓர் எச்சரிக்கை. தலை, மார்பு, வால் ஆகிய மூன்றுமே அம்மூன்று மடல்கள் என்று நம்மில் பலர் எழுதிவிடுகிறோம். முதலாமாண்டில் நானும் அப்படி எழுதி மதிப்பெண் இழந்தவன்தான். மடல்கள் குறுக்கே பிரிந்தவை அல்ல, நீளவாக்கில் பிரிந்தவை. உடலின் நடுவே முதுகெலும்பு போல மேடாக ஓடும் அச்சு மடல் ஒன்று, அதன் இருபுறமும் சற்றுத் தாழ்ந்த பக்க மடல்கள் இரண்டு, ஆக மூன்று. தலை, மார்பு, வால் என்னும் பிரிவும் உண்டு. ஆனால் பெயர்க்காரணம் அதுவன்று.

டிரைலோபைட்டுகள் கேம்பிரியன் காலத்தில், ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடலில் தோன்றின. பெர்மியன் காலத்தின் முடிவில், அதாவது ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அடியோடு மறைந்தன. சுமார் 27 கோடி ஆண்டுகள் இவ்வுலகக் கடல்களில் வாழ்ந்த குலம் இது. மனித இனத்தின் வயதோ மூன்று இலட்சம் ஆண்டுகளே. இதுவரை 20,000க்கும் மேற்பட்ட டிரைலோபைட் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அத்தனையிலும் கால்கள் முதலிய மென்மையான உறுப்புகள் காணக் கிடைத்தவை மிக மிகச் சிலவே.

நாம் எடுத்துக்கொண்ட டிரையார்த்ரஸ் என்னும் பேரினத்தை 1832ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேக்கப் கிரீன் நிறுவினார். ஈட்டோனி என்னும் இனத்தை 1838இல் ஜேம்ஸ் ஹால் விவரித்தார். நியூயார்க் மாநிலத்தின் நிலவியலை ஆராய்ந்த ஆமோஸ் ஈட்டன் என்பாரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. ஆர்டோவிசியன் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய நியூயார்க் மாநிலம் இருக்கும் இடத்தில் பரவியிருந்த ஆழ்கடலின் சேற்றுத் தரையில் இவ்வுயிரி வாழ்ந்தது. பெரும்பாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உடையது. நம் கட்டைவிரலின் அளவு எனலாம்.

அடிப்பக்கம் கிடைக்காதது ஏன்?

இறாலை அறுத்துப் பார்த்த நமக்குக் கணுக்காலிகளின் புறச்சட்டகத்தைப் பற்றி ஓரளவு தெரியும். டிரைலோபைட்டின் முதுகுப்புற ஓடு கால்சைட்டு என்னும் சுண்ணக் கனிமத்தால் கெட்டிப்பட்டது. ஆகவே அது எளிதில் அழியாமல் பாறையில் தங்கிவிடுகிறது. ஆனால் கால்கள், உணர்கொம்புகள், வயிற்றுப்புறத் தோல் ஆகியவற்றில் இச்சுண்ணம் ஏறவில்லை. விலங்கு இறந்ததும் அவை அழுகிச் சிதைந்துவிடும். எஞ்சுவது முதுகு ஓடு மட்டுமே.

மேலும் ஒன்றைக் கருத வேண்டும். இறாலும் நண்டும் போலவே டிரைலோபைட்டும் வளர வளரத் தோலுரித்தது. ஒரே விலங்கு தன் வாழ்நாளில் பல ஓடுகளைக் கழற்றிப் போட்டிருக்கும். நாம் பாறையில் காணும் படிவங்களில் பெரும்பகுதி இவ்வாறு கழற்றிப்போட்ட சட்டைகளே. சட்டையைப் பார்த்து ஆளை ஊகிப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினமாக இருந்தது டிரைலோபைட்டின் உடலமைப்பை அறிவதும்.

இதனால் இவ்விலங்கு எக்குலத்தைச் சேர்ந்தது என்பதே நீண்ட நாள் ஐயமாக இருந்தது. வேல்ஸ் நாட்டில் கிடைத்த ஒரு படிவத்தை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்டு லூயிட் என்பவர் ஒருவகைத் தட்டை மீன் என்றே கருதினார். அவரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. காலைக் காணாதவரைக் கணுக்காலி என்று எப்படிச் சொல்வது?

19ஆம் நூற்றாண்டில் ஐயம் மெல்ல விலகத் தொடங்கியது. 1870இல் கனடா நாட்டு அறிஞர் எல்கானா பில்லிங்ஸ் கால்களின் அடையாளம் தெரிந்த ஒரு படிவத்தை வெளியிட்டார். அதே காலத்தில் சார்லஸ் டூலிட்டில் வால்காட் என்பவர் வேறொரு வழியைக் கையாண்டார். பந்துபோல் சுருண்ட நிலையில் கல்லான டிரைலோபைட்டுகளை மெல்லிய சீவல்களாக வெட்டித் தேய்த்து, அவ்வெட்டு முகங்களில் கால்களின் குறுக்குத் தோற்றங்களைக் கண்டார். தம் முடிவுகளை 1881இல் வெளியிட்டார். பர்ஜெஸ் மலையின் புகழ்பெற்ற களிப்பாறைப் படிவங்களை 1909இல் கண்டறிந்தவரும் இவரே. எனினும் வெட்டு முகங்களைக் கொண்டு முழு உறுப்பைக் கற்பனை செய்ய வேண்டியிருந்ததால், பலர் தயங்கினர்.

பொன்னிறக் கால்கள்

தயக்கத்தைப் போக்கியது டிரையார்த்ரஸ் ஈட்டோனி. நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்னும் ஊரின் அருகே வில்லியம் வாலியண்ட் என்பவர், உணர்கொம்புகள் தெளிவாகத் தெரியும் டிரைலோபைட் படிவங்கள் நிறைந்த அடுக்கை 1892இல் கண்டறிந்தார். அவற்றைப் பற்றிய முதல் கட்டுரையை 1893இல் வில்லியம் டில்லர் மாத்யூ வெளியிட்டார். உடனே யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் எமர்சன் பீச்சர் அவ்விடத்தில் அகழ்வைத் தொடங்கினார்.

அவ்வடுக்கின் கனம் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். நம் பாடப்புத்தகங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் என்று கொள்ளலாம். அந்த நான்கு சென்டிமீட்டருக்குள் உலகில் வேறெங்கும் அதுவரை கிடைக்காத செல்வம் அடங்கியிருந்தது. கரிய களிப்பாறையில் டிரைலோபைட்டுகளின் கால்களும் கொம்புகளும் பித்தளைபோல் பொன்னிறத்தில் மின்னின. அவை பைரைட்டு என்னும் இரும்புச் சல்பைடு கனிமமாக மாறியிருந்தன. இன்று அவ்விடம் 'பீச்சரின் டிரைலோபைட் படுகை' என்றே அழைக்கப்படுகிறது.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? கடலடியில் சரிந்து வந்த சேற்று வெள்ளம் ஒன்று இவ்விலங்குகளைத் திடீரென மூடிவிட்டது. ஆகவே இரை தேடும் பிற விலங்குகள் உடலைக் குலைக்க வழியில்லை. அச்சேற்றில் கரைந்த இரும்பு மிகுதி. ஆனால் அழுகும் கரிமப் பொருள் குறைவு. உடல்கள் கிடந்த இடத்தில் மட்டும், உயிர்வளி இன்றி வாழும் பாக்டீரியங்கள் உடலைச் சிதைத்து, கடல்நீரிலிருந்த சல்பேட்டைச் சல்பைடாக மாற்றின. அச்சல்பைடு சுற்றியிருந்த இரும்புடன் அங்கேயே கூடிப் பைரைட்டாகப் படிந்தது. சேறு முழுவதிலும் கரிமப் பொருள் மிகுந்திருந்தால் பைரைட்டும் எங்கும் சிதறிப் படிந்திருக்கும். காலின் வடிவம் தனித்து நின்றிராது. அழிவைச் செய்த பாக்டீரியமே அழியாமையையும் தந்தது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

பீச்சர் ஒவ்வொரு படிவத்தையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, கல்லைப் பொடிப்பொடியாக நீக்கி, முதுகை மட்டுமன்றி வயிற்றுப்புறத்தையும் வெளிக்கொணர்ந்தார். மில்லிமீட்டர் அளவில் நடைபெறும் வேலை அது. கை சற்றுப் பிசகினால் 45 கோடி ஆண்டு இருந்த கால் ஒரு நொடியில் போய்விடும். இனி அவரும் அவருக்குப் பின்வந்தோரும் கண்ட உடலமைப்பை வரிசையாகக் காண்போம்.

முதுகுப்புறம்

தலை: தலைப்பகுதி ஒரே கேடயமாக அமைந்தது, ஏறத்தாழ அரைவட்ட வடிவினது. அதன் நடுவில் கிளாபெல்லா எனப்படும் அகன்ற மேடு உள்ளது. அதன் பக்க விளிம்புகள் ஏறக்குறைய இணையாகச் செல்கின்றன. மேட்டின் இருபுறமும் உள்நோக்கிச் செல்லும் இணையான பள்ளங்கள், தலையும் பல கணுக்கள் ஒன்றிணைந்து ஆனதே என்பதற்குச் சான்று. மேட்டின் பின்புறம் கழுத்துப்பட்டை போன்ற ஒரு வளையம் உண்டு. பக்கங்களிலுள்ள கன்னப் பகுதிகள் குறுகியவை. பல டிரைலோபைட்டுகளில் காணப்படும் நீண்ட கன்ன முட்கள் இதில் இல்லை. கன்னத்தின் கோணம் மழுங்கியே முடிகிறது.

கண்கள் இரண்டும் சிறியவை. தலையின் முன்பகுதியில், நடுமேட்டுக்கு அருகில் அமைந்தவை. டிரைலோபைட்டுகளின் கூட்டுக்கண் வில்லைகள் ஓட்டைப் போலவே கால்சைட்டுப் படிகத்தால் ஆனவை. கண்ணை ஒட்டிச் செல்லும் மெல்லிய பொருத்துவரி ஒன்றும் உண்டு. தோலுரிக்கும்போது அவ்வரியில் ஓடு பிரிந்து விலங்கு வெளியேற வழிவிடும். சட்டைக்குப் பொத்தான் எப்படியோ, டிரைலோபைட்டுக்கு இப்பொருத்துவரி அப்படி.

மார்பு: மார்பில் ஒன்றோடொன்று அசையக்கூடிய 13 முதல் 16 வரையிலான கணுக்கள் உள்ளன. ஒவ்வொரு கணுவிலும் நடுவே ஓர் அச்சு வளையமும், இருபுறமும் பக்கத் தகடுகளும் உண்டு. அச்சு வளையத்தின் நடுவில் ஒரு சிறு முண்டு காணப்படுவது இவ்வினத்தை இனங்காண உதவும் அடையாளங்களுள் ஒன்று.

வால்: வால் கேடயம் மிகச் சிறியது. சில கணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து அசையாத தகடாக ஆனதே இது. நம் காட்சிக்கூட வார்ப்பில் வால் தலையளவுக்குப் பெரிதாக இருக்கும். அது வேறோர் இனம் என்பதை இப்போது நீங்களே கூறிவிடலாம்.

வயிற்றுப்புறம்

வாய்: தலையின் அடிப்புறத்தில், நடுமேட்டுக்கு நேர் கீழே, ஹைப்போஸ்டோம் எனப்படும் கெட்டியான தகடு ஒன்று உள்ளது. வாய் இத்தகட்டின் பின்விளிம்புக்கு அருகில் அமைந்து, பின்னோக்கித் திறந்தது. முன்னோக்கி நடக்கும் விலங்குக்கு வாய் பின்னோக்கி இருப்பதா என்று தோன்றலாம். அதன் காரணம் கால்களைப் பார்த்தபின் விளங்கும்.

உணர்கொம்புகள்: ஹைப்போஸ்டோமின் இருபக்கமும் ஒவ்வோர் உணர்கொம்பு புறப்பட்டு, தலையின் முன்விளிம்பைத் தாண்டி வளைந்து நீள்கிறது. பல சிறு துண்டுகளால் ஆன இது கிளையற்றது. இறாலுக்கு இரண்டு இணை உணர்கொம்புகள் என்பதை நினைவிற் கொள்க. டிரைலோபைட்டுக்கு ஓர் இணை மட்டுமே. இவ்வேறுபாட்டுக்குப் பின்னர் வருவோம்.

கால்கள்: உணர்கொம்புகளுக்குப் பின் தலையில் மூன்று இணைக் கால்கள், மார்பின் ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் இணைக் கால், வால் கேடயத்தின் அடியிலும் பின்னே செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே போகும் கால்கள். இவை அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை போன்று இருப்பதே வியப்பு. இறாலின் 19 இணை உறுப்புகளையும் வரிசையாகக் கழற்றி அட்டையில் ஒட்டியவர்களுக்கு இது நன்கு புரியும். அங்கே ஒன்று தாடை, ஒன்று தாடைக்கால், ஒன்று நடைக்கால், ஒன்று நீந்துகால் என்று ஒவ்வொன்றும் தன் தொழிலுக்கேற்ப மாறிவிட்டது. டிரைலோபைட்டின் தலைக்காலும் மார்புக்காலும் அளவில் வேறுபட்டாலும் அமைப்பில் ஒன்றே. தனித் தாடை என்று ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு காலும் இருகிளை உடையது. உடலோடு ஒட்டிய அடிப்பகுதியிலிருந்து இரு கிளைகள் பிரிகின்றன. கீழ்க்கிளை பல துண்டுகளால் ஆன நடைக்கால். இதன் நுனி முதுகு ஓட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் மேலிருந்து பார்க்கும்போதே இப்படிவங்களில் பொன்னிறக் கால்கள் தெரிகின்றன. மேற்கிளை நீண்ட தண்டு போன்றது. அதிலிருந்து மெல்லிய இழைகள் சீப்பின் பற்கள்போல் நெருக்கமாகப் பின்னோக்கித் தொங்குகின்றன.

அடிப்பகுதியின் உட்புறம் முட்களோடு கூடியது. இருபுறக் கால்களின் அடிப்பகுதிகளும் நடுவே ஒரு வாய்க்கால் போன்ற இடைவெளியை விட்டு எதிரெதிராக நிற்கின்றன. விலங்கு கால்களை அசைக்கும்போது அடிப்பகுதிகள் இரையைப் பற்றி, நசுக்கி, அவ்வாய்க்கால் வழியே பின்னிருந்து முன்னாகத் தள்ளின. ஆகவே உணவு வாயை அடைவது பின்புறத்திலிருந்து. வாய் பின்னோக்கித் திறந்திருந்ததன் காரணம் இதுவே. நடப்பதும் உண்பதும் ஒரே உறுப்பின் ஒரே அசைவில் நிகழ்ந்தன.

உள்ளுறுப்புகள்: பைரைட்டு எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் தன்மையுடையது. ஆகவே கல்லை உடைக்காமலே கதிர்ப்படம் எடுத்து உள்ளிருப்பதைக் காண இயலும். ஜான் சிஸ்னே என்னும் ஆய்வாளர் இம்முறையில் ஆராய்ந்து, 1975இலும் 1981இலும் தம் முடிவுகளை வெளியிட்டார். தலையின் நடுமேட்டுக்குக் கீழ்த் தொடங்கி அச்சு மடலின் வழியே வால்வரை செல்லும் உணவுப்பாதையையும், தசைகள் சிலவற்றின் அமைப்பையும் அவர் விவரித்தார்.

மேற்கிளையின் பணி என்ன?

இனி இக்கட்டுரையின் முக்கியமான கேள்விக்கு வருவோம். மேற்கிளையில் சீப்புபோல் தொங்கும் இழைகள் எதற்கு? நீந்துவதற்கு என்றனர் சிலர். சுவாசிப்பதற்கு என்றனர் சிலர். சேற்றைக் கிளறவோ, நீரோட்டத்தை உண்டாக்கவோ பயன்பட்டிருக்கலாம் என்றனர் வேறு சிலர். இவ்விழைகள் செவுள் இல்லையென்றால் 27 கோடி ஆண்டு வாழ்ந்த இவ்வுயிர்க்குலம் எதனால் சுவாசித்தது என்பதற்கே விடை இல்லாமற் போகும். எனவே இது சிறிய கேள்வி அன்று.

விடை 2021இல் வந்தது. ஜின்போ ஹோ, நைஜல் ஹியூஸ், மெலனி ஹாப்கின்ஸ் ஆகிய மூவர், டிரையார்த்ரஸ் ஈட்டோனியின் படிவங்களை நுண் சி.டி. கதிர்ப்படக் கருவியில் வைத்து ஆராய்ந்தனர். தலைமயிரைவிட மெல்லிய அவ்விழைகளின் குறுக்குவெட்டு அவர்களுக்குத் தெரிந்தது. ஒவ்வோர் இழையும் தட்டையான தகடு அன்று. விளிம்பு பருத்தும் நடு மெலிந்தும் இருந்தது. உடற்பயிற்சிக்குரிய கர்லாக் கட்டைகளை அன்று, இருமுனையும் பருத்த 'டம்பெல்' கருவியை நினைத்துக்கொண்டால் வடிவம் விளங்கும். பருத்த விளிம்பில் குருதி ஓட, மெல்லிய நடுச்சவ்வின் வழியே உயிர்வளி உட்புகும் இத்தகைய அமைப்பு, இன்று வாழும் கணுக்காலிகளின் செவுள்களில் காணப்படும் அமைப்பை ஒத்தது. ஆகவே மேற்கிளை செவுளே என்று அவர்கள் முடிவுகட்டினர். பொன்னிறக் கால்களைப் பற்றிய முதல் கட்டுரை வெளிவந்து 128 ஆண்டுகளுக்குப் பின் இவ்விடை கிடைத்தது. புதிய படிவம் எதையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. பார்க்கும் கண் கூர்மையானதே போதுமானதாயிற்று.

டிரையார்த்ரஸுக்கு நல்ல செவுள் மிகவும் தேவைப்பட்டிருக்கும். இது சேர்ந்த ஒலினிடே குடும்பத்தினர் உயிர்வளி குன்றிய, கந்தகம் மிகுந்த கடலடியில் வாழ்ந்தவர்கள். இவற்றின் உடலில் கந்தகத்தைக் கொண்டு உணவு ஆக்கும் பாக்டீரியங்கள் குடியிருந்திருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு போர்ட்டி ஒரு கருத்தை முன்வைத்தார். இது கருத்தே தவிர, மெய்ப்பிக்கப்பட்ட முடிவன்று.

முட்டையும் வளர்ச்சியும்

2017இல் மற்றொரு செய்தி வெளிவந்தது. தாமஸ் ஹெக்னா, மார்க்கஸ் மார்ட்டின், சைமன் டாரோக் ஆகியோர் டிரையார்த்ரஸ் ஈட்டோனியின் படிவங்களில் முட்டைகளைக் கண்டனர். அவை ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவின, பைரைட்டாக மாறியவை. அவை இருந்த இடம் வயிற்றுப்பகுதி அன்று. தலைக்கேடயத்தின் கன்னக் கோணத்தின் அடியில்! இன்று வாழும் குதிரை லாட நண்டும் முட்டைகளைத் தலைப்பகுதியில் தாங்கியிருப்பதை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினர்.

முட்டையிலிருந்து வெளிவந்த டிரைலோபைட்டின் இளவுயிரி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வட்டத் தகடு போன்றது. தொடக்கத்தில் அதற்கு அசையும் மார்புக் கணு ஒன்றுகூட இல்லை. தோலுரிக்கும்தோறும் புதிய கணுக்கள் வாலின் முன்புறத்திலிருந்து ஒவ்வொன்றாக விடுபட்டு மார்போடு சேர்ந்தன. டிரையார்த்ரஸின் இளவுயிரியையும் பீச்சரே 1893இல் விவரித்தார்.

திருத்தங்கள் கற்பிக்கும் பாடம்

பீச்சர் தலையில் நான்கு இணை இருகிளைக் கால்கள் உண்டு என்று வரைந்தார். அவரது படம் பல ஆண்டுகள் பாடநூல்களில் இடம்பெற்றது. பின்னர் கதிர்ப்படங்களைக் கொண்டு ஆராய்ந்த சிஸ்னே, மூன்று இணையே உண்டு என்றார். 1987இல் ஹாரி விட்டிங்டனும் ஜான் ஆல்மண்டும் படிவங்களை மீண்டும் ஆராய்ந்து, மூன்று இணை என்பதையே உறுதி செய்தனர். இதனால் பீச்சரின் பெருமை குறைந்துவிடவில்லை. அவர் பாதுகாத்து வைத்த படிவங்களே அவருடைய பிழையைத் திருத்தவும் உதவின. அவர் 1904இல் தம் 47ஆம் வயதில் காலமானார். அவர் தோண்டிய இடமே காலப்போக்கில் மறந்துபோய், 1984இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. இடம் தொலைந்த அத்தனை ஆண்டுகளும், பெட்டிகளில் சீட்டு எழுதி வைக்கப்பட்டிருந்த கற்களே ஆராய்ச்சியைத் தாங்கி நின்றன.

மற்றொரு திருத்தம் வகைப்பாட்டைப் பற்றியது. இருகிளைக் கால்களைக் கண்ட பீச்சரும் அவர் காலத்தவரும் டிரைலோபைட்டுகளை இறால், நண்டு ஆகியவற்றின் வகுப்பில் வைத்தனர். ஆனால் அவ்வகுப்பின் உயிரிகளுக்கு இரண்டு இணை உணர்கொம்புகளும் தாடைகளும் உண்டு. டிரைலோபைட்டுக்கு ஓர் இணைக் கொம்பே உண்டு, தாடை இல்லை. எனவே இன்று அவற்றைத் தனிக் குலமாகவே கொள்கின்றனர். அக்குலம் சிலந்தி, தேள், குதிரை லாட நண்டு ஆகியவற்றின் கிளைக்கு நெருங்கியதா, அல்லது தாடையுடைய கணுக்காலிகளின் கிளைக்கு நெருங்கியதா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

முடிவுரை

ஒரு விலங்கின் உடலமைப்பை விவரிப்பது என்பது பாகங்களின் பெயர்களை அம்புக்குறியிட்டு எழுதுவது மட்டும் அன்று என்பதை இவ்வாய்வு எனக்கு உணர்த்தியது. கண்ணால் கண்டது எது, கண்டதைக் கொண்டு ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்வதே விவரிப்பின் உயிர். மூன்று மடல்கள் கண்டவை. கால்கள் 1893 வரை பெரும்பாலும் ஊகித்தவை, பின்பு கண்டவை. செவுள் 2021 வரை ஊகித்தது. இப்போது சான்று பெற்றது. முட்டை வெளியேறிய வழி இன்றும் ஊகமே. இவ்வரிசையில் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பவரே நல்ல மாணவர்.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் விரிவுரையாளரின் அனுமதியோடு ஒரு சிறு வேலை செய்தேன். காட்சிக்கூடத்து வார்ப்பின் அருகே ஓர் அட்டையில் டிரையார்த்ரஸ் ஈட்டோனியின் வயிற்றுப்புறத்தை வரைந்து வைத்திருக்கிறேன். ஓர் இணை உணர்கொம்பு, தலையில் மூன்று இணைக் கால்கள், கணுவுக்கு ஓர் இணைக் கால், ஒவ்வொரு காலிலும் செவுள் இழைகள். வார்ப்பு வேறினம், படம் வேறினம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு அலமாரியைத் துடைக்க வரும் தம்பி தங்கையர் வார்ப்பைத் திருப்பிப் பார்க்கும்போது, வெள்ளைச் சுண்ணத்தோடு திரும்ப வேண்டியதில்லை. அவர்களுக்குப் புதிதாக ஒரு கேள்வி பிறந்தால், அதையும் அவர்கள் ஆண்டு மலரில் எழுத வேண்டும் என்பதே என் விருப்பம்.